சுருண்ட கொழுந்து, பொருந்தாத மருந்து: பையில் வளர்த்த மிளகாயில் ஒரு நிகழ்வு ஆய்வு

15 லிட்டர் பைகளில் 18 மிளகாய்ச் செடிகள். நாற்று நட்டு ஏழு வாரம் வரை குறை சொல்ல எதுவுமில்லை: அடர்பச்சை இலை, கவட்டைக்குக் கவட்டை மொட்டு. எட்டாவது வாரத்தில் ஓரத்துச் செடிகள் மூன்றில் நுனிக்கொழுந்து குறுகி, இலையோரம் கீழ்நோக்கி மடங்கியது. பன்னிரண்டாவது வாரம் முடிவதற்குள் 13 செடிகளில் கொழுந்து சுருண்டுவிட்டது. இதற்கிடையில் மூன்று மருந்தும் மூன்று உரமும் போயிருந்தன. எதற்கும் செடி அசையவில்லை.

இது ஏதோ ஒரு குறிப்பிட்ட தோட்டத்தின் நாட்குறிப்பு இல்லை. பையிலும் தொட்டியிலும் மிளகாய் வளர்க்கும் இடங்களில் திரும்பத் திரும்ப இதே வரிசையில் வரும் கோளாறுகளை ஒரே தோட்டமாகக் கோர்த்திருக்கிறோம். செடிகளின் எண்ணிக்கையும் வாரக் கணக்கும் அந்த மாதிரித் தோட்டத்துக்கானவை. மருந்தின் அளவும் பூச்சியின் போக்கும் எங்கும் பொருந்தும்.

செடிகள் இருந்த நிலை

பைகள் இரண்டு வரிசையாக, பைக்குப் பை 25 செ.மீ. இடைவெளியில் இருந்தன. எட்டாவது வாரத்தில் ஒரு செடியின் கிளை அடுத்த செடியின் கிளைக்குள் நுழைந்துவிட்டது. மேலே 50 சதவீத நிழல்வலை. கலவை மூன்று பங்கு தென்னைநார்த் தூள், இரண்டு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு தோட்டமண். மிளகாயை ஒட்டி நான்கு கத்தரியும் மூன்று தக்காளியும் இருந்தன. முதலில் சுருண்ட மூன்று மிளகாயும் கத்தரிக்குப் பக்கத்தில் இருந்தவை. அந்தச் சமயத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. வானம் மூடியே கிடந்தது, பகல் வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரம் அதிகம்.

வானிலையைச் சொல்வது சும்மா இல்லை. இந்த நிகழ்வில் முதல் துப்பே அதுதான்.

செய்தது என்ன

கொழுந்து சுருண்டதும் 'இலைப்பேன்' என்று முடிவு கட்டி இமிடாகுளோபிரிட் தெளிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து மறுபடியும். பலன் இல்லாததால் அடுத்து சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. அதற்குப் பின் வேப்பெண்ணெய், அதுவும் மேலிருந்து பூவாளியில் தூவியது போல, இலையின் மேற்பரப்பில் மட்டும். செடி வளர்ச்சி நின்றதைச் சத்துக்குறை என்று எடுத்துக்கொண்டு 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) வாரம் இருமுறை, கூடவே எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), பைக்குப் பை முட்டையோட்டுத் தூள். சுருண்ட நுனிகளை ஒரே கத்தரிக்கோலால் செடி செடியாக நறுக்கி, நறுக்கியதைப் பைக்குள்ளேயே போட்டார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பலவற்றுக்கு எங்காவது ஓர் இடம் உண்டு. இந்தச் செடிகளுக்கு ஒவ்வொன்றும் நிலைமையை மோசமாக்கியது. இமிடாகுளோபிரிட் சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கானது. இங்கே பெரும்பாலான செடிகளில் இருந்ததோ சிலந்தி (வலை பின்னும் சிலந்தி இல்லை, கண்ணுக்குத் தெரியாத உண்ணி போன்ற உயிரி). அந்த இனத்தை இந்த மருந்து கட்டுப்படுத்தாது, அதை உண்ணும் நன்மை செய்யும் பூச்சிகளை மட்டும் குறைத்துவிடும். சைபர்மெத்ரின் இந்த விஷயத்தில் இன்னும் மோசம்: அந்தச் சிலந்தியைத் தின்னும் இரைபிடிச் சிலந்திகளை வழித்துத் துடைத்துவிடும். தழைச்சத்து கூடக்கூட இளந்தளிர் அதிகமாகும், தீனியும் அதிகமாகும். கத்தரிக்கோலும் கையும் சட்டையும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன.

லென்ஸில் தெரிந்தது

சுருட்டை ஓர் அறிகுறி, அவ்வளவுதான். மிளகாயில் அதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம். மருந்தை எடுக்குமுன் பத்து நிமிடம் செலவழித்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

முதலில் சுருளும் திசை. ஓரங்கள் மேலே எழும்பி இலை படகு போல ஆனால் இலைப்பேனையோ நச்சுயிரியையோ (வைரஸ்) சந்தேகிக்கலாம். ஓரங்கள் கீழே மடங்கி, படகைக் கவிழ்த்தது போல ஆகி, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு நின்றால் மஞ்சள் முரணைச் சிலந்தி. திசையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே செடியில் இருந்தால் இலை இரண்டு பக்கமும் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. வெள்ளைத்தாளைக் கொழுந்துக்கும் பூவுக்கும் அடியில் பிடித்து விரலால் நான்கைந்து முறை தட்டினால் இலைப்பேன் விழும். ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி நீளம், மஞ்சளோ பழுப்போ, ஊசிபோல் ஒல்லி, விழுந்ததும் ஓடும். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல மினுக்கும், நடுவில் கரும்புள்ளியாக எச்சம் இருக்கும். வெயிலும் வறட்சியும் கூடினால் இலைப்பேன் கொழிக்கும். மூடிய வானமும் ஈரக்காற்றுமாக இருந்த நாளில் 13 செடியும் இலைப்பேனால் சுருண்டது என்பது அப்போதே இடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது லென்ஸ். முரணைச் சிலந்தியின் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர், வெறும் கண்ணுக்குத் தெரியாது. 20 மடங்கோ அதற்கு மேலோ பெரிதாக்கும் கைலென்ஸ் வேண்டும். எங்கே பார்ப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நன்றாகச் சுருண்டு பழுப்பேறிய இலையைப் பறித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று போட்டுவிடுகிறார்கள். சிலந்தி அந்த இலையை விட்டு எப்போதோ போயிருக்கும். அது தேடுவது இளந்தளிரை. ஆகவே சுருளத் தொடங்கிய செடியில் இன்னும் முழுதாக விரியாத இரண்டாவது அல்லது மூன்றாவது இலையைக் கிள்ளி, அடிப்பக்கம் திருப்பி, காம்பை ஒட்டிய நடுநரம்பின் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே அப்படிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டவை முட்டைகள். கண்ணாடி போன்ற நீள்வட்ட முட்டை, அதன் முதுகில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். இந்தப் புள்ளிகள் இருந்தால் வேறு யோசனை வேண்டாம். பக்கத்தில் தேன்நிறத்தில் பெண் சிலந்திகள் மெதுவாக நகர்ந்தன. அவற்றைவிடச் சிறிய ஆண்கள் வேகமாக ஓடின. ஓர் ஆணின் முதுகில் அசையாத ஒரு பெண் இளம்பருவம் குறுக்காகத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. இனப்பெருக்கத்துக்காக ஆண் அதைப் புதுத்தளிருக்குச் சுமந்து போகும். செடிக்குள் இந்தப் பூச்சி எப்போதும் மேலே மேலே ஏறிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். செடிவிட்டுச் செடி போக அது வெள்ளை ஈயின் காலையும் பற்றிக்கொள்ளும்.

18 செடிகளையும் இப்படிப் பார்த்ததில் கணக்கு மாறியது. சுருண்ட 13இல் 10 செடிகளில் முரணைச் சிலந்தி, ஒன்றில் இலைப்பேன். மீதி இரண்டில் லென்ஸில் எதுவும் இல்லை. அந்த இரண்டிலும் இலை மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு மஞ்சளாகி, கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கி, நுனியில் பொடி இலைகள் கொத்தாக நின்றன. அடிஇலையைத் தட்டியதும் வெள்ளை ஈக்கள் பறந்தன. இலைச்சுருட்டு நச்சுயிரியின் அடையாளம் இது. ஆக, ஒரே தோட்டத்தில் மூன்று நோவு, மூன்றுக்கும் ஒரே மருந்து.

மீதி இரண்டு காரணங்களையும் விலக்கிவிட வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் மதியம் மடங்கும் இலை மாலையில் விரிந்துவிடும், அதைத் தொட வேண்டாம். மற்றொன்று களைக்கொல்லி எச்சம். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் சில மருந்துகள் வைக்கோல் வழியாக மாட்டுச் சாணத்துக்கும், அங்கிருந்து தொழுவுரத்துக்கும் வந்துவிடும். அவை ஏற்படுத்தும் சுருட்டை முரணைச் சிலந்தியின் சேதத்தைப் போலவே இருப்பதால், லென்ஸ் இல்லாமல் பிரிப்பது கடினம். சோதனை எளிது: சந்தேகப்படும் உரம் கலந்த மூன்று தொட்டி, கலக்காத மூன்று தொட்டி, ஒவ்வொன்றிலும் நான்கு பீன்ஸ் விதை. மூன்று ஜோடி இலை வரும்வரை பாருங்கள். உரத்தொட்டியில் மட்டும் இலை கிண்ணம்போல் குவிந்தால் அந்த உரத்தை மிளகாய், தக்காளி, கத்தரி, பயறு வகை எதற்கும் போடக் கூடாது. இந்தத் தோட்டத்தில் பீன்ஸ் நேராகவே வளர்ந்தது.

சிகிச்சை

முதல் வேலை நச்சுயிரி தாக்கிய இரண்டு செடிகளை அகற்றுவது. இதற்கு மருந்து கிடையாது. 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்று வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வெள்ளை ஈ அங்கிருந்து பக்கத்துச் செடிக்குப் போகும். அப்படியே பிடுங்கினாலும் ஈ பறந்துவிடும். முதலில் லிட்டருக்கு 5 மில்லி திரவச் சோப்பு கலந்து அடிஇலை நனையத் தெளித்து, உடனே பெரிய பையால் செடியை மூடி, அடியில் கட்டி, பிறகு வெட்டி எடுக்க வேண்டும். ஈ குளிர்ச்சியில் சோம்பிக் கிடக்கும் அதிகாலையே இதற்கு நல்ல நேரம்.

சிலந்தி இருந்த பத்துச் செடிகளிலும் நுனியைச் சேதமில்லாத கணுவரை வெட்டி, நேராக ஒரு பைக்குள் போட்டுக் கட்டி வெயிலில் வைக்கலாம். செடிக்குச் செடி கத்தரிக்கோலை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். ஆரோக்கியமான செடிகளை முதலில் கவனித்து, நோய்ச்செடிக்குக் கடைசியில் போவது நல்லது. தலைகீழாகப் போனால் கையே பரப்பும். வெட்டி முடித்ததும் பைகளை 60 செ.மீ. இடைவெளிக்கு நகர்த்தி, நிழல்வலையை விலக்கினால் கொழுந்தில் ஈரம் நிற்காது.

தெளிப்புக்கு நனையும் கந்தகத் தூள், 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம். மீந்த 16 மிளகாய், 4 கத்தரி, 3 தக்காளி, செடிக்குச் சுமார் 150 மில்லி என்று கணக்கிட்டால் மூன்றரை லிட்டர் தண்ணீர், 7 கிராம் தூள். கத்தரியையும் தக்காளியையும் விட்டுவிடுவது பெருந்தவறு. இரண்டும் இந்தச் சிலந்திக்கு வீடுதான். தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரில் ஊற்றி, துணியில் வடிகட்டினால் முனை அடைக்காது. தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து கொழுந்தின் அடிப்பக்கம் சொட்டும்வரை நனைக்க வேண்டும். தெளிக்கும்போது கலனைக் குலுக்கிக்கொண்டே இருங்கள், கந்தகம் அடியில் தங்கிவிடும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும்.

கந்தகத்தில் மூன்று இடத்தில் சறுக்கும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் தெளித்தால் இலை கருகும், மாலையில் தெளிப்பதே சரி. எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தாலும், கந்தகம் தெளித்து இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் தெளித்தாலும் கருகும். இங்கே வேப்பெண்ணெய் ஏற்கெனவே போயிருந்ததால், கடைசி எண்ணெய்த் தெளிப்பிலிருந்து பதினான்கு நாள் முடியும்வரை வெட்டுதலும் இடைவெளியும் சோப்புக் கரைசலும் மட்டுமே. மூன்றாவது, வெள்ளரி, முலாம், பூசணி இனங்களில் பல கந்தகத்தைத் தாங்காது. பக்கத்தில் கொடி இருந்தால் மூடிவிட்டுத் தெளிக்கவும்.

ஆறு நாள் இடைவெளியில் மூன்று தெளிப்பு. வெப்பமும் ஈரமும் உள்ள நாட்களில் முட்டையிலிருந்து முட்டையிடும் பெண்ணாக இந்தச் சிலந்திக்கு ஐந்தாறு நாளே போதும். கந்தகம் முட்டையை முழுதாக அழிக்காது. எனவே ஒரே தெளிப்பில் தப்பிய முட்டைகள் அடுத்த தலைமுறையாகிவிடும். 15 நாளுக்கு ஒருமுறை தெளித்து 'மருந்து கேட்கவில்லை' என்பவர்களின் கணக்கு இங்கேதான் பிசகுகிறது. அபாமெக்டின், ஸ்பைரோமெசிஃபென் போன்ற சிலந்திக்கொல்லிகள் வேகமானவை. உங்கள் நாட்டில் மிளகாய்க்கு அனுமதி இருந்து, பொட்டலத்தில் சொன்ன அறுவடை இடைவெளியைக் காக்க முடிந்தால் பயன்படுத்தலாம். ஆனால் வாரம் இருமுறை பறித்துச் சமைக்கும் வீட்டுச் செடிக்கு இவை அவசியமில்லை என்பதே எங்கள் கருத்து. ஆம்பிளிசியஸ் ஸ்விர்ஸ்கீ என்ற இரைபிடிச் சிலந்தி விற்பனைக்குக் கிடைக்கும் இடங்களில் அதுவே சிறந்த வழி. முரணைச் சிலந்தி, இலைப்பேன், வெள்ளை ஈயின் இளம்பருவம் மூன்றையும் தின்னும். அதை விடுவதானால் கந்தகத்தை நிறுத்திவிட வேண்டும், கந்தகம் அதற்கும் எமன்.

இலைப்பேன் இருந்த ஒரே செடிக்கு ஸ்பினோசாட், பொட்டலத்தில் குறித்த அளவில், தேனீ அடங்கிய பிறகு மாலையில். இலைப்பேன் மண்ணில் கூட்டுப்புழுவாவதால் ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. நீலநிற ஒட்டும் அட்டை கொழுந்து உயரத்தில் ஒன்று. வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை. அட்டைகள் பூச்சியை ஒழிக்காது, வந்துவிட்டதா என்று சொல்லும், அவ்வளவே.

தேறியதை எப்படி அறிவது

சுருண்ட இலை இனி விரியாது. சிலந்தியின் உமிழ்நீர் தளிரின் வளர்ச்சியையே கெடுத்துவிடுவதால், சிலந்தி முழுதாக ஒழிந்த பிறகும் இரண்டு மூன்று வாரம்வரை கோணல் இலை வரலாம். இதைப் பார்த்து 'இன்னும் போகவில்லை' என்று நான்காவது, ஐந்தாவது தெளிப்புக்குப் போகிறார்கள், அதில் இலை கருகுகிறது. பார்க்க வேண்டியது வெட்டிய இடத்துக்குக் கீழே கணுவிலிருந்து வரும் புதுத்துளிர். அதன் அடிப்பக்கத்தில் லென்ஸில் புள்ளி முட்டை இல்லையென்றால் தெளிப்பை நிறுத்திவிடலாம், இலை எப்படி இருந்தாலும் சரி. பத்தில் எட்டுச் செடி நான்காவது வாரத்தில் நேரான இலை விட்டது. தண்டின் நுனிவரை பழுப்பேறிப்போன இரண்டு செடியைக் காத்திருக்காமல் எடுத்துவிட்டார்கள்.

உரம் முழுதாக நிறுத்தப்பட்டது. புதுத்துளிர் ஐந்து செ.மீ. வளர்ந்த பிறகு பாதி அளவில் தொடங்கினால் போதும், பூ வரும்போது சாம்பல்சத்து கூடிய உரத்துக்கு மாறலாம்.

பின்னால் வந்த இரண்டு தொல்லைகள்

தேறிய செடியில் வந்த முதல் காய்களில் சில, நுனியில் கறுத்து உள்ளொடுங்கின. பூஞ்சாணம் என்று நினைக்கத் தோன்றும். இது நுனியழுகல். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது. கலவையில் சுண்ணாம்பு இருந்தாலும் வரும், ஏனென்றால் அது தண்ணீரோடுதான் செடிக்குள் நகரும். ஒருநாள் காய்ந்து மறுநாள் ஊறும் பையில் அந்த ஓட்டம் அறுந்துபோகும். இங்கே எப்சம் உப்பும் சேர்ந்துகொண்டது: கலவையில் மெக்னீசியம் மிகுந்தால் வேர் சுண்ணாம்பை எடுப்பது குறையும். முட்டையோட்டுத் தூள் ஒரு பருவத்துக்குள் கரைந்து பயன்தராது. மருந்து தண்ணீர்தான்: காய்க்கும் செடிக்கு வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்வரை, காலை மாலை பிரித்து, பையின் மேல் ஐந்து செ.மீ. மூடாக்கு. பாதிக்கப்பட்ட காயைப் பறித்துவிடுங்கள், கறுத்த பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

பூ உதிர்ந்ததற்குக் காரணம் வேறு. சிலந்தி இருந்தபோது மொட்டே கருகியது. அது போன பிறகும் உதிர்ந்தால் வெப்பமானியைப் பாருங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு 24க்குக் கீழே இறங்காவிட்டாலோ மிளகாயில், அதிலும் குடைமிளகாயில், பூ நிற்காது. இரவு 15க்குக் கீழே போனாலும் அதே கதை. இதற்கு எந்த ஊக்கியும் வேலை செய்யாது. வெப்பம் மாறினால் தானே காய்க்கும்.

தழும்பு விழுந்த காயை என்ன செய்வது

சிலந்தி சுரண்டிய காயின் தோல் பழுப்பாக, தக்கைபோல் தடித்துப்போகும். உள்ளே சதைக்கு ஒன்றும் ஆகாது, உண்ணலாம். காரமும் குறையாது, காரம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். (ஹலபேனோ வகையில் தெரியும் நீளவாக்குக் கீற்றுகள் வேறு. தோலைவிடச் சதை வேகமாகப் பெருப்பதால் வருபவை, அவற்றுக்கு மருந்து தெளிக்கப் புறப்பட வேண்டாம்.) கந்தகம் தெளித்த செடியில் பொட்டலத்தில் சொன்ன நாட்கள் கடந்தபின் பறித்து, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் வெண்தூள் போய்விடும்.

தழும்புக் காயை முழுதாக உலர்த்தினால் தக்கைத்தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே பூஞ்சை கட்டும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி ஒற்றை அடுக்காகப் பரப்பி, உலர்த்தியில் 55 முதல் 60 டிகிரியில் வைக்கவும். மெல்லிய சதைக்கு எட்டு மணி நேரம்கூட ஆகலாம், தடித்ததற்கு அதைவிட அதிகம். நேரத்தை நம்பாமல் ஒடித்துப் பாருங்கள், வளையாமல் முறிய வேண்டும். பச்சை மிளகாயை எண்ணெயில் ஊறப்போட்டு அறை வெப்பத்தில் வைப்பது ஆபத்து. காற்றில்லாத எண்ணெய்க்கடியில் போட்டுலினம் கிருமி நஞ்சை உண்டாக்கும். குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

உலர்ந்த காய் ஆறியதும் கண்ணாடி சீசாவில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் ஒருமுறை குலுக்கவும். ஈரம் எல்லாக் காய்க்கும் சமமாகப் பரவும். உட்சுவரில் பனித்துளிபோல் நீர் தெரிந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இன்னும் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஆறவிட்டு, மறுபடியும் சீசாவில் போட்டு வாரக்கணக்கை முதலிலிருந்து தொடங்கவும்.